இறங்கும் ஊரும் இருக்கும் ஊரும்

திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரிலிருந்து கட்டாருக்கோ சவூதிக்கோ புறப்படுகிறவரிடம் "அங்கே எந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு ஒரு பயனும் இல்லை. ஆணுக்குக் கம்பெனி காட்டும் கேம்பில் ஒரு கட்டில். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எஜமான் வீட்டுப் பின்னறை. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். வெளிநாட்டவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கொடுக்க 2018இல் கட்டார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதிலும் ஆண்டுக்கு 100 பேர் என்றுதான் வரம்பு. அதனால்தான் மூதூர், கிண்ணியா, தோப்பூர்ப் பக்கத்தில் வெளிநாட்டைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தும், வெளிநாட்டில் குடியிருக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அனுப்பிய காசெல்லாம் இங்கேதான் சுவராகவும் கூரையாகவும் எழுந்து நிற்கிறது.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்த வழக்கத்தில் ஒரு விரிசலை உண்டாக்கியது. பத்தரமுல்லை கடவுச்சீட்டு வரிசையில் இரவிரவாக நின்றவர்களில் கிழக்கு மாகாணத்தவரும் இருந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் வழக்கம்போல வளைகுடாவுக்குத்தான் போனார்கள். ஆனால் பிரித்தானியாவுக்குப் பராமரிப்பு வேலைக்கு, கனடாவுக்குப் படிக்க, அவுஸ்திரேலியாவுக்குத் தொழில் விசாவில் என்று குடும்பத்தோடு போய்விடும் நோக்கத்தில் காணி விற்றவர்களும் அப்போதுதான் கூடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கனடாவை நினைத்துப் படகேறிய 303 இலங்கையர் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். எந்த நாடு என்பதற்கே உயிரைப் பணயம் வைக்கிறோம். அந்த நாட்டில் எந்த ஊர் என்பதை மட்டும் தொலைபேசியில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். புது நாட்டில் முதல் ஊரை நாம் பெரும்பாலும் தேர்வதில்லை. அரசாங்கமோ, முதலாளியோ, முன்னே போன மச்சானோ அதை நமக்காகத் தேர்ந்துவிடுகிறார்கள். நம் கையில் இருப்பது இரண்டாவது ஊர். அதைத் தேரும் உரிமையை முதல் ஊரிலேயே கடனுக்கும் அவசரத்துக்கும் அடகு வைத்துவிடக்கூடாது. அதைத் தேரும்போது வேலைக்குப் போகிறவரின் கணக்கு மட்டும் போதாது. பகல் முழுக்க அந்த ஊரில் இருக்கப் போகிறவரையும் கேட்க வேண்டும்.

இந்த மண்ணுக்குத் தெரிந்த கணக்கு

எங்கே குடியிருப்பது என்பதை அடுத்தவர் தீர்மானிப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1950களில் அல்லைக் குடியேற்றத் திட்டம் வந்தபோது வெளி மாவட்டக் குடும்பங்களைக் கொண்டுவந்து காணி பிரித்துக் கொடுத்தது அரசாங்கம். 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டது. ஓகஸ்டில் படைக்கும் புலிகளுக்குமான சண்டை மூதூருக்குள் வந்தது. மூதூர், தோப்பூர் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள்.

அதே ஆண்டு பக்கத்துச் சம்பூர் மக்களும் பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் பின்னர் தோப்பூருக்குப் பக்கத்திலேயே, கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய நிலம் முதலீட்டு வலயத்துக்கும் கடற்படை முகாமுக்கும் போயிருந்தது. மாற்றிடம் தருகிறோம் என்றபோது பலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடல் எவ்வளவு தூரம், கிணற்றில் நல்ல தண்ணீரா, வயல் உண்டா, மாடு மேய இடம் உண்டா, கோயில் எங்கே என்றுதான் அவர்கள் அளந்தார்கள். 2015 மே மாதம் 818 ஏக்கருக்கான பழைய வர்த்தமானி ரத்தான பிறகுதான் திரும்பிப் போகும் வழி திறந்தது.

ஓர் இடத்தை எப்படி அளப்பது என்று இந்த மக்களுக்கு நன்றாகத் தெரியும். விமானம் ஏறும்போது அந்த அளவுகோலைக் கையோடு கொண்டுபோகாமல் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

முன்னே போனவர்கள் இறங்கிய இடங்கள்

1986 ஓகஸ்ட் 11. கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூபவுண்ட்லாந்துத் தீவுக்கு வெளியே மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. உள்ளே 155 தமிழர்கள். அந்த ஊர் மீனவர்கள்தான் கண்டு காப்பாற்றினார்கள். நியூபவுண்ட்லாந்து மக்கள் காட்டிய அன்பை வந்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் அங்கே தங்கவில்லை. கையில் அனுமதிப் பத்திரம் கிடைத்ததும் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். அங்கேதான் முன்னே வந்தவர்களின் முகவரி இருந்தது.

மொன்றியலுக்குப் போனவர்களில் பலர் சில ஆண்டுகளில் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தார்கள். கியூபெக் மாகாணத்தின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டப்படி, குடிவந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குத்தான் போகவேண்டும். ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டால் முன்னேறலாம் என்று வந்த பெற்றோருக்கு அது பெரிய இடியாக இருந்தது. தங்கியவர்களின் பிள்ளைகளோ இன்று தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் தடையில்லாமல் பேசுகிறார்கள். பெற்றோர் பயந்து ஓடிய காரணமே பிள்ளைக்கு மூலதனமாகவும் ஆகலாம் என்பதை அன்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

ரொறன்ரோவில் முதலில் நகர நடுவிலிருந்த சென்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகள். வெல்லெஸ்லி, பார்லிமென்ட் தெருக்கள் சந்திக்கும் இடம் எண்பதுகளில் நம்மவர்களின் தரிப்பிடம். ஒரு வீட்டில் நான்கைந்து இளைஞர்கள், வேலை முறைக்கு ஏற்பத் தூக்கம். கல்யாணம் ஆனதும் ஸ்காபரோ. அங்கே பேஸ்மென்ட்.

பேஸ்மென்ட் வாழ்க்கையைப் பற்றி இங்கே அதிகம் பேர் சொல்வதில்லை. மேலே வீட்டுக்காரர், கீழே நாம். ஜன்னல் தலைக்கு மேலே, நிலத்தோடு ஒட்டி இருக்கும். பனி கொட்டினால் அதுவும் மூடிக்கொள்ளும். உடுப்புத் தோய்க்க வாரத்தில் இன்ன நாள் என்று ஒதுக்கியிருப்பார்கள். மீன் பொரித்தால் மேலே மணக்குமே என்று பொரிக்கத் தயங்குவார்கள். ஆனால் படியேறி வெளியே வந்தால் பஸ் தரிப்பிடம் இருந்தது, தமிழ்க்கடை இருந்தது, தமிழ் டாக்டர் இருந்தார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு அன்ரி இருந்தா. அந்த நாலும்தான் அந்த வீட்டை இருக்கத்தக்கதாக்கின. பிறகு காசு சேர்ந்து மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் என்று பெரிய வீடுகளுக்குப் போனவர்களில் பலர், வீடு கிடைத்தது, ஆனால் அம்மா வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிட்டா என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கார் ஓட்டத் தெரியாத முதியவருக்கு அந்தப் புறநகரில் நடந்து போய் ஒரு மனிதரைப் பார்க்க வழியில்லை.

இந்த இடத்தில் நோர்வேயைச் சொல்லாமல் போக முடியாது. எண்பதுகளின் பிற்பகுதியில் அங்கே அகதிகளாகப் போன நம்மவர்களில் கணிசமானோர் நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அங்கே வேலை காத்திருந்தது. மொழி தெரியத் தேவையில்லை. கை வேகமாக ஓடினால் போதும். வருமானம் நல்லது, வாடகை குறைவு, மக்கள் மரியாதையானவர்கள். கடதாசியில் எழுதிப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் டிசம்பர் முழுக்க அங்கே சூரியன் எழாது.

அப்படியொரு மீனவ ஊரில் தங்கி ஆய்வு செய்தார் அன்னெ சிக்ஃப்ரிட் குரோன்செத் என்ற நோர்வே மானிடவியலாளர். அவருடைய நூல் 2010இல் வந்தது. அந்த ஊர்த் தமிழர்கள் தலைவலி, தோள்வலி, முதுகுவலி, உடம்பு முழுக்க நோவு என்று திரும்பத் திரும்ப வைத்தியரிடம் போனார்கள். பரிசோதித்தால் நோய் என்று பெயர் சொல்ல ஒன்றும் இல்லை. சொந்தபந்தம், சடங்கு, அக்கம்பக்கம் எல்லாம் அறுந்த இடத்தில் ஒரு மனிதர் தன்னை யார் என்று உணர முடியாமல் போவதோடு அந்த நோவைச் சேர்த்துப் பார்க்கிறார் அவர். தொண்ணூறுகளில் குடும்பம் குடும்பமாக ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். வேலை அங்கே உறுதியில்லை, வாடகை இரட்டிப்பு. இருந்தும் போனார்கள். வடக்கில் வாங்கிய சம்பளத்தை விட்டுவிட்டு ஏன் இப்படி என்று அதிகாரிகளுக்குப் புரியவில்லை. தைப்பொங்கலுக்கு ஐந்து வீட்டுக்குப் போய்வர முடியாத ஊரில் இருந்து பார்த்தவர்களுக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது.

சுவிசில் அந்தத் தெரிவுகூட இல்லை. அகதி விண்ணப்பக்காரர்களை மாநிலங்களின் சனத்தொகைக் கணக்குக்குப் பிரித்து அனுப்புவார்கள். நினைத்தபடி மாநிலம் மாற முடியாது. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தங்குமிட உதவி கேட்கும் அகதிகளை லண்டனுக்கு வெளியே பிற நகரங்களுக்கு அனுப்பும் முறை வந்தது. வதிவிட உரிமை கிடைத்ததும் அவர்களில் பலர் லண்டன் ரயிலைத்தான் பிடித்தார்கள். ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க்கில் பதினைந்து இருபது ஆண்டு இருந்து குடியுரிமை எடுத்த தமிழ்க் குடும்பங்கள்கூட, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்குப் பெயர்ந்தன. நல்ல வேலையை விட்டுவிட்டு ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஐரோப்பியக் குடியுரிமையில் அப்படிப் போகும் வழியும் அடைபட்டது.

நம்மவர் இல்லாத ஊர்

இவ்வளவும் படித்தால், நம்மவர் இருக்கும் இடத்துக்கே போய்விடுவது நல்லது என்று தோன்றும். என் முடிவு அதுவல்ல.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்ற சிற்றூர். ஆறாயிரம் பேர்கூட இல்லை. இறைச்சித் தொழிற்சாலையும் நிலக்கரியும்தான் அங்கே பிழைப்பு. படகில் தனித்தனியாக வந்து அவுஸ்திரேலியாவில் மணம் முடித்த ஓர் ஈழத்தமிழ்த் தம்பதி வேலைக்காக அந்த ஊருக்குப் போனார்கள். இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை குடிவரவு அதிகாரிகள் வந்து நால்வரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் மெல்பேர்ன் தடுப்பு முகாம், பிறகு கிறிஸ்மஸ் தீவு. அவர்களை வீட்டுக்குக் கொண்டுவா என்று நான்கு ஆண்டுக்கு மேல் நாட்டையே உலுக்கியவர்கள் அந்தச் சிற்றூரின் அயலவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், பழமைப்போக்கான நாட்டுப்புறத்தார். 2022 ஜூனில் குடும்பம் பிலோயிலாவுக்கே திரும்பியது. ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

சிட்னியின் நெரிசலான ஒரு தொடர்மாடியில் அவர்கள் இருந்திருந்தால், இத்தனை அயலவர்களுக்கு அவர்களைப் பெயர் சொல்லித் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். சிற்றூரில் புதிதாக வந்தவரை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை சில இடங்களில் முள்ளாகக் குத்தும், சில இடங்களில் காவலாக நிற்கும். எது என்று ஊருக்குப் போய்ப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இன்றைக்கு அரசாங்கங்களே சிற்றூர்ப் பக்கம் ஆட்களைத் தள்ளுகின்றன. அவுஸ்திரேலியாவின் 491 விசாவுக்குப் புள்ளிக் கணக்கில் 15 கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் குறைந்தது மூன்று ஆண்டு சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேனுக்கு வெளியே இருக்க வேண்டும். பேர்த்தும் அடிலெய்டும் அந்தக் கணக்கில் 'வெளியே'தான் என்பது பலருக்குத் தெரியாது. கனடா 2019இல் 11 சிறு நகரங்களோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தண்டர் பே, சட்பரி போன்றவை அதில் இருந்தன. 2025இல் அதே போக்கில் 14 ஊர்களோடு இன்னொன்று வந்தது. இவற்றில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு, நிரந்தர வதிவிடம் பெற்றவர் எந்த மாகாணத்துக்கும் போய் வாழலாம் என்று சொல்கிறது. விண்ணப்பிக்கும்போது அந்த ஊரில் வாழும் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் வாழ்க்கை வேறு பக்கம் இழுத்தால் கட்டிப்போட ஆளில்லை.

பிரித்தானியப் பராமரிப்பு விசா அப்படியில்லை. 2022 பெப்ரவரியில் அந்தக் கதவு திறந்தபோது நம் பக்கத்துப் பிள்ளைகளும் போனார்கள். அனுசரணைக் கடிதம் கொடுத்த முதலாளி எந்த ஊரோ அதுவே ஊர். பஸ் ஓடாத கிராமங்களில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் வேலை. கார் இல்லாவிட்டால் வேலையே இல்லை. வேலை போனால் புது அனுசரணையாளரைத் தேட 60 நாள். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்பாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்றாகி, 2025 ஜூலை 22இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதும் நின்றது. ஆனால் இங்கே இன்னும் அந்த விசாவுக்கு என்று காசு வாங்க ஆள் இருக்கிறார்கள். கொடுத்துவிடாதீர்கள்.

பள்ளியும் தமிழ்க்கடையும்

தோப்பூர்க்காரருக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஸ்காபரோவில் இறங்கினால் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் மூன்றும் தேடி வரும். தமிழ் பேசும் முஸ்லிமுக்கு வாழ்க்கை இரண்டு வட்டத்தில் பிரிந்து கிடக்கும். பள்ளிக்குப் போனால் தொழுகையும் சலாமும் உண்டு, ஆனால் பேச்சு உருதுவிலோ வங்காளியிலோ அரபியிலோ இருக்கும். தமிழ்க்கடைக்குப் போனால் சூடை மீனும் முருங்கைக்காயும் உண்டு, நம்ம பாசையும் உண்டு, ஆனால் பெருநாள் அங்கே ஒரு சாதாரண நாள். இரண்டும் நடந்து போகும் தூரத்தில் உள்ள ஊர்கள் சில இருக்கின்றன. ஈஸ்ட்ஹாமில் ஒரே சாலையைச் சுற்றித் தமிழ்க்கடையும் பள்ளியும் கோயிலும் இருக்கின்றன. ஹரோவில் இலங்கை முஸ்லிம்களுக்கென்றே ஒரு கலாசார நிலையம் உண்டு. சிட்னியில் ஓபர்ன் பள்ளிவாசலும் பென்டில் ஹில் தமிழ்க்கடைகளும் ரயிலில் சிறிது தூரந்தான். வாடகை நூறு பவுண் கூட என்றாலும் இப்படிப்பட்ட இடத்தில் முதல் ஓராண்டு இருப்பது நட்டமில்லை என்பது என் துணிபு. மூதூர்த் தமிழரும் தோப்பூர் முஸ்லிமும் இங்கே பேசிக்கொள்வதைவிட அங்கே அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்று பலர் சொல்லக் கேட்கிறேன். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

முதல் ஊரையே தேரும் வாய்ப்பு சிலருக்குக் கிடைப்பதும் உண்டு. அண்மையில் தோப்பூரில் அப்படி ஒரு வீட்டில் இருந்தேன். இஷாத் தொழுகை முடிந்த நேரம். மகனுக்குப் பிரித்தானியாவில் தொழில்நுட்ப வேலை ஒன்று பொருந்தி வந்திருந்தது. கம்பெனிக்கு இரண்டு நகரங்களில் அலுவலகம், எதில் வேண்டுமென்றாலும் சேரலாம். மேசையில் ஒரு கொப்பி. இரண்டு ஊரின் வாடகை, வரி, சம்பளம், விமான நிலையத் தூரம் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தார். வாப்பா ஒவ்வொன்றாக வாசித்துத் தலையாட்டினார். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றா. அவ முன்பள்ளி ஆசிரியை. ஒன்றும் பேசவில்லை. மாமிதான் கேட்டா: "அவவும்தானே போறா. அவவுக்கிட்ட கேட்டீங்களா?"

கைபேசி அவவின் கைக்குப் போனது. மறுமுனையில் இங்கிலாந்தில் பல வருடமாக இருக்கும் ராத்தா முறையான ஒருவர்.

"ராத்தா, இவர் வேலைக்குப் போனா நான் பகல்ல எங்க போற? நடந்து போற தூரத்தில என்ன இரிக்கி? புள்ளைய ஸ்கூலுக்கு நானே கூட்டிப் போகலாமா, பஸ்ஸா? கடைசி பஸ் எத்தின மணிக்கு? பொம்புளைகள் தொழப் போற பள்ளி இரிக்கா? எனக்கிட்ட இரிக்கிற டிப்ளோமாவ அங்க எடுப்பாங்களா, திரும்பப் படிக்கணுமா? படிக்கிறண்டா புள்ளைய ஆரு பார்க்கிற? புள்ளைக்கு ராவையில காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போற?"

கொப்பியில் எழுதிய மகன் நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுதிய வரிகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ராத்தா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு நீண்ட குரல்பதிவு வந்தது. சம்பளம் கூடிய ஊரில் பெண்கள் தொழும் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், கடைசி பஸ் ஏழரைக்கு. மற்ற ஊரில் சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் முன்பள்ளி உதவியாளர் படிப்பைக் கல்லூரியில் பகுதிநேரமாகப் படிக்கலாம், பிள்ளையை விட வழி இருக்கிறது. முடிவில் அவர் சொன்னது: "மொதல்ல ஆறு மாசத்துக்கு மட்டும் வீடு எடுங்க. பனிக்காலம் ஒண்டப் பாருங்க. புடிக்காட்டி மாறலாம். வீடு வாங்குற கதைய மூணு வருசத்துக்கு எடுக்க வேணாம், ஆரு சொன்னாலும். வந்த புதுசுல லோன் எடுத்தவங்கதான் புடிக்காத ஊர்ல மாட்டிக்கிட்டு இரிக்காங்க."

மகன் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினார். மருமகள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தா.